வாளித் தோட்டத்துக்கு எந்தக் கலவை?

காணியை இழந்து வந்த குடும்பத்திடம் "வீட்டுத்தோட்டம் செய்யுங்கள்" என்று சொல்வது இலகு. எங்கே செய்வது? 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், 2015இல் காணிகள் விடுவிக்கப்படத் தொடங்கும் வரை கிளிவெட்டி முதலிய முகாம்களில் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட ஒடுங்கிய இடத்தில் பழைய வாளியும் உரப்பையுமே வயல்.

முற்றத்து மண்ணையே வாளியில் நிரப்பினால் என்ன? நிலத்தில் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும். வாளியில் அதற்கு இடமில்லை. மண் இறுகி, வேருக்குக் காற்றுக் கிடைக்காது. கத்தரி, தக்காளி, மிளகாயைக் கெடுக்கும் பற்றீரியா வாடல் நோயும் மண்ணோடு வரும். கடற்கரை மணலிலோ உப்பு உண்டு. ஆகவே மண் சேராத கலவையே நல்லது. அதற்கு மூன்று பொருட்கள் போதும்.

தும்புத்தூள்: இது தண்ணீரைப் பிடித்து வைக்கும். நம் நாட்டுத் தும்புத்தூளைக் கட்டிகளாக அழுத்தி நெதர்லாந்து வரை அனுப்புகிறார்கள். ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். மாரி காலமானால் மேட்டில் பரப்பி விடுங்கள், மழையே கழுவிவிடும்.

கருக்கிய உமி: இது வேருக்குக் காற்றைக் கொடுக்கும், மிஞ்சிய நீரை வடிய விடும். கறுப்பானவுடன் தண்ணீர் தெளித்து அணையுங்கள். வெள்ளைச் சாம்பலானால் பயன்படாது.

கூட்டெரு: உணவு இதில்தான் இருக்கிறது. நன்றாக உக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் வேரைச் சுடும்.

பேணியால் அளந்து தும்புத்தூள் 2, உமி 1, கூட்டெரு 1 எனக் கலவுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாளி விரைவில் காயும். தும்புத்தூளை ஒரு பங்கு கூட்டுங்கள். மாரியில் வேர் அழுகும். உமியை ஒரு பங்கு கூட்டுங்கள். வாளியின் அடியில் துளையிட மறக்க வேண்டாம்.

நனைத்த கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். சில துளிகள் மட்டும் விழுந்தால் பதம் சரி. தண்ணீர் ஒழுகினால் உமி போதாது. பிடி உதிர்ந்தால் ஈரம் போதாது. பின் ஒரு பேணியில் பத்துப் பயறு ஊன்றிப் பாருங்கள். நல்ல பயறு முளைக்காவிட்டால், அல்லது இலை நுனி கருகினால், உப்பு இன்னும் போகவில்லை; மீண்டும் கழுவுங்கள்.

ஊற்றும் நீரோடு சத்தும் வடிந்து போகும். எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி கூட்டெரு மேலே இடுங்கள்.

வாளித் தோட்டம் வயலுக்கு ஈடாகாது. அது இருக்கிறதென்று காணிக்கான கோரிக்கையை யாரும் கைவிட வேண்டியதும் இல்லை. ஆனால் இன்றைய கறிக்கு மிளகாய் கிடைக்கும். ஊர் திரும்பும் நாளில் அந்தக் கன்றையும் கையோடு தூக்கிக்கொண்டு போகலாம்.