வெள்ளை வளையத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

ஆட்டு ரத்தம் என்றதும் பெங்களூரு ஜீவனஹள்ளித் தமிழர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொரியல்தான் ஞாபகம் வரும். அதே ரத்தத்தை ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டீர்கள்!

ஆட்டின் கழுத்து ரத்தக்குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். ஆடு பாட்டுக்குத் தழை தின்னப் போய்விடும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்து, ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் குழாயின் ஓரமாக வழியவிட வேண்டும். கை நடுங்கினால் போச்சு, இரண்டும் கலந்துவிடும்! பிறகு சென்ட்ரிஃபியூஜில் அரை மணி நேரம் சுற்று. வெளியே எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில், மஞ்சள் பிளாஸ்மா மேலே, நடுவே புகைபோல மெல்லிய வெள்ளை வளையம். அதற்காகத்தான் இத்தனை பாடும்!

வளையத்தை உறிஞ்சிக் கழுவி, இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் போட்டு, 37 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். சில மணி நேரத்தில், வளையத்திலிருக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான மோனோசைட்டுகள் தட்டின் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு நாளில் பருத்துப் பரந்து, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களாகிவிடும். சைட்டோகைன் புரதங்கள் இரண்டைச் சேர்த்தால் அதே செல்கள் கைகளை நீட்டி டென்ட்ரிடிக் செல்களாகின்றன! ஒட்டாமல் மிதக்கும் இன்னொரு வகை வெள்ளணுக்களான லிம்ஃபோசைட்டுகளுக்கு, வாளவரை இனத்துப் பயறிலிருந்து எடுத்த கான்கனவாலின் கொடுத்தால் கொத்துக் கொத்தாகப் பெருகும். அவரைக்குள் இப்படி ஒரு வித்தை!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். தடுப்பூசி போட்ட ஆட்டின் லிம்ஃபோசைட்டுகளுக்குத் தட்டிலேயே, எந்த வைரஸுக்கான தடுப்பூசியோ அந்த வைரஸின் புரதத்தைக் காட்டுகிறார்கள். அடையாளம் தெரிந்தால் அவை பெருகி, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும். தடுப்பூசி பதிந்ததா என்பதைச் செல்லே சொல்லிவிடுகிறது!

ஆட்டுக்கொல்லி நோயின் வைரஸ் தாக்குவதும் இதே லிம்ஃபோசைட்டுகளைத்தான். இந்தியாவில் அது முதலில் தெரிந்தது 1987-இல், விழுப்புரம் பக்கத்து அரசூர் செம்மறிகளிடம். 1989-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்களில் முதல் பெயர் எம். எஸ். ஷைலா, நம்ம பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர்! மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் 2011-இல் உலகை விட்டே ஒழிந்தது. அதன் உறவான ஆட்டுக்கொல்லியை ஒழிக்க உலக நாடுகள் வைத்திருக்கும் கெடு 2030.

ஊரில் ஆடு வளர்க்கும் சொந்தக்காரர்களிடம் இன்றே கேளுங்கள்: ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டாயிற்றா? ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகள் தாங்கும்.