'லார்டு' பட்டமும் 'மூவேந்தவேளான்' பட்டமும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஆங்கிலத்தின் 'லார்டு' என்னும் பட்டத்தைத் தமிழில் 'பிரபு' என வழங்குகிறோம். சோழர் கல்வெட்டுகளில் பயிலும் 'மூவேந்தவேளான்' என்பதையும் அவ்வாறே பெயர்த்தால் பொருள் திரியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

லார்டு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் 'ஹ்லாஃப்வேர்டு'. 'ரொட்டி காப்பவன்' என்பது பொருள். உணவளிக்கும் தலைவனைக் குறித்த சொல், பின்னர் நிலமும் அதிகாரமும் உடையவனைக் குறித்தது. பட்டம் பெரிதும் தந்தைவழியே சென்றது; 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வாழ்நாள் பட்டங்கள் பெருகின.

சோழநாட்டு வழக்கு

சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனார் பெயரில் முன்னிற்கும் குடவாயில் (இன்றைய குடவாசல்) அவர்தம் ஊரை மட்டுமே உணர்த்துகிறது. சோழர் காலத்திலோ இடப்பெயரோடு 'கிழவன்', 'உடையான்' முதலியன சேர்ந்து நிலவுரிமையைச் சுட்டின. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்தவர், பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்தவேளான். இப்பெயரில் ஆதித்தன் தந்தை, சூரியன் இயற்பெயர், 'ஆன' என்பதன்பின் வருவது அரசன் அளித்த பட்டம். அக்கோயிலின் திருச்சுற்றுமாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் இராமன், அந்தணராதலின் 'மும்முடிச்சோழ பிரமமாராயன்' எனப்பட்டார்.

முடிவுரை

ஒரே பெயரில் நிலவுரிமை ஓரிடத்திலும் அரசுப் பட்டம் வேறோரிடத்திலும் நிற்கின்றன. 'லார்டு' என்பதன் பழம்பொருளுக்கு அணுக்கமானது 'கிழவன்' என்பதேயன்றி 'மூவேந்தவேளான்' அன்று. பின்னதைப் 'பிரபு' என்றால் அரசுப்பணியாளர் பரம்பரைப் பிரபுவாகிவிடுவார். ஆதலின் பட்டத்தைப் பெயர்க்காது அவ்வாறே தருதல் தகும்.