பிறர் மூச்சின் உரிமை

பூண்டும் வெங்காயமும் இறைவன் நமக்கு ஆகுமாக்கிய உணவுகள். ஆயினும் அவற்றைப் பச்சையாக உண்டவர் அவ்வாடையோடு பள்ளிவாசலுக்கு வரலாகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். உண்டது குற்றமன்று, அருகில் நிற்பவருக்கு இடர் தருவதே குற்றம். ஆகுமான உணவின் வாடைக்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், பீடி, சிகரெட்டின் நச்சுப் புகையை என்னென்பது?

பெருமானார் காலத்து அரபகம் புகையிலையை அறியாது. அமெரிக்க மண்ணிலிருந்து அது உலகெங்கும் பரவிய பின்னரே மார்க்க அறிஞர்கள் அதனை ஆராய்ந்தனர். மக்ரூஹ் என்றனர் சிலர். ஹராம் என்றனர் சிலர். ஆனால், எவருக்கும் தீங்கிழைத்தல் ஆகாது என்னும் நபிமொழியில் இரு கருத்து இல்லை.

நாட்டின் சட்டமும் அவ்விடத்திற்கே வந்து சேர்ந்தது. களியக்காவிளைக்கு அப்பால், கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12 அன்று, பொது இடத்தில் புகைப்பது பிறரது வாழும் உரிமைக்கு எதிரானது எனத் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் முதலிய இடங்களில் நாடெங்கும் புகைத்தலைத் தடுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்தன. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம்.

இச்சட்டம் வேண்டாம் என வாதிடுவோர் அரியர். புகைப்பவரே, 'நல்ல சட்டம்தான்' என்பார். எனினும், பேருந்து நிலையத்தில் ஒருவர் பற்றவைத்தால், 'வேண்டாம் ஐயா' எனக் கூற நமக்கு நா எழுவதில்லை. வயதில் மூத்தவர், ஊர்ப் பெரியவர், உறவினர் என்னும் தயக்கம்! மனத்தளவில் நிற்கும் கருத்தால் எவர் நுரையீரலுக்கும் பயனில்லை. அன்று திருமண வீடுகளில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டும் வைத்து உபசரித்தோம். இன்று அவ்வழக்கம் அருகியிருப்பது அபராதத்திற்கு அஞ்சியன்று; ஊரார் மனம் மாறியதனாலேயே.

சட்டத்தின் கை எட்டாத இடம் ஒன்றுண்டு. அதுவே நம் இல்லம். மத்திய அரசின் 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அரசு அலுவலகங்களில் பிறர் புகைக்கு ஆளான வயதுவந்தோர் நூற்றுக்கு 5.3 பேர்; வீடுகளிலோ 38.7 பேர்! புகைப்பவர் குடும்பத்தின் தலைவராக இருக்கையில், மனைவி எங்ஙனம் தடுப்பாள்? தொட்டிலில் கிடக்கும் மழலை எங்கே எழுந்து செல்லும்? அம்மழலைக்கு மூச்சிரைப்பும் நுரையீரல் நோயும் வருகின்றன. கருவிலிருக்கும் சிசுவோ எடை குன்றிப் பிறக்கிறது.

அன்புச் சகோதரர்களே! மனைவி மக்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் வாய் திறந்து கேளாதது இசைவு ஆகாது. தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், இடலாக்குடி என எவ்வூராயினும், ஜமாஅத்தார் பள்ளிவாசல் வளாகத்திலும் நிக்காஹ் சபையிலும் இதனை அன்போடு எடுத்துரைக்கட்டும். பெரியவர்கள் தம் இல்லத்திலிருந்தே தொடங்கட்டும். ஒருவர் தயக்கம் விட்டுப் பேசினால், அடுத்தவர்க்கும் துணிவு பிறக்கும்.

பிறர் மூச்சுக்கு ஊறு செய்யாத நன்மக்களாக வாழ வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.