திரைக்குப் பின்னால் ஒரு துபாஷி

மார்கழி விடுமுறையில் பண்டாரவளைக்கு வந்த என் மருமகன், லினக்ஸ் இயங்கும் என் கணினியில் கார்ப்பந்தய விளையாட்டு ஒன்றை ஆட விரும்பினான். வின்டோஸுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் ஓடச்செய்யும் 'புரோட்டான்' என்னும் கருவியை வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. அதனை நம்பி, இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். மீண்டும் திறந்தபோது திரை இருண்டு கிடந்தது. மாணவரின் ஆண்டிறுதிப் புள்ளிகள் யாவும் அதற்குள் இருந்தன! பிரதி எடுத்துவையாதது என் குற்றமே.

இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்கும் வரைகலை அட்டைக்கும் இடையே 'டிரைவர்' என்னும் மென்பொருள் துபாஷியாய் நிற்கிறது. கெர்னல் மாறியது; பழையதற்கென அமைந்த துபாஷி புதியதோடு பேச இயலாது நின்றான். தொடக்கக் கட்டளையில் 'நோமோட்செட்' எனச் சேர்த்து எளிய திரையைப் பெற்றேன்; புள்ளிகளைப் பிரதி செய்தேன்; புதிய கெர்னலுக்கேற்ப டிரைவரை மீண்டும் நிறுவினேன். மூன்று இரவுகள் கழிந்தன.

அவ்விரவுகளில் நம் தோட்டங்களின் பழங்கதை நினைவில் எழுந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்ற கங்காணியின் கடன் கணக்கை, எழுத்தறியாத் தொழிலாளி சரிபார்த்தல் எங்ஙனம்? மூலநிரலை மறைத்துவைக்கும் டிரைவரும் அத்தகையதே. 'நூவோ' குழுவினர் என்விடியா அட்டைகளின் இயக்கத்தை வெளியிலிருந்தே ஆராய்ந்து, திறந்த டிரைவர் ஒன்றை ஆக்கினர். 2022-இல் அந்நிறுவனமே தன் டிரைவரின் கெர்னற் பகுதியை வெளியிட்டது. கணக்கேடு சிறிது திறந்தது எனலாம்.

நான்காம் நாள் மருமகன் ஆடிக் களித்தான். அவனுக்கு எஞ்சியிருந்த விடுமுறையும் அந்த ஒரு நாளே.