ஐம்பது மீட்டருக்கு எத்தனை எட்டு?

பள்ளி விளையாட்டு விழா முடிந்த சாயங்காலம், அந்தமானின் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் சாத்தம் படகுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் வாடிய முகம் ஒன்றாவது இருக்கும். போன வருடம் 50 மீட்டரில் முதலாவது. இந்த வருடம் நாலாவது. மைதானம் அதேதான். ஆளும் நன்றாக வளர்ந்திருக்கிறார். பிறகு ஏன் பின்தங்கினார்? வீட்டில் சோம்பேறித்தனம் என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேகம் என்பது ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு எட்டின் நீளத்தை, விநாடிக்கு எத்தனை எட்டு என்பதால் பெருக்கினால் வேகம் வந்துவிடும். 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது வைத்தது 41 எட்டுதான். அதாவது ஒரு எட்டு 2.44 மீட்டர், விநாடிக்கு நாலேகால் எட்டு. நீங்கள் 50 மீட்டரை 34 எட்டில், 9 விநாடியில் ஓடினால்? எட்டின் நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விநாடிக்கு கிட்டத்தட்ட 3.8 எட்டு. பார்த்தீர்களா! காலை மாற்றிப் போடுவதில் உலகச் சாம்பியனுக்கும் உங்களுக்கும் பெரிய தூரமில்லை. எட்டின் நீளத்தில்தான் ஒரு மீட்டர் இடிக்கிறது.

போல்ட் 1.95 மீட்டர் உயரம், அதனால்தான் என்று நினைக்கலாம். உயரம் உதவும், ஆனால் அது மட்டுமே போதாது. 2000-ம் ஆண்டு பீட்டர் வேயண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடன் ஆய்ந்தவர்களும், மிதிக்கும் விசையை அளக்கும் ஓடுபொறியில் பலரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். வேகமானவர்களும் மெதுவானவர்களும் காலைக் காற்றில் முன்னே கொண்டுவர எடுத்த நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேகக்காரர்கள் தரையை இன்னும் பலமாக அழுத்தித் தள்ளினார்கள். அதுவும், பாதம் தரையில் இருக்கும் மிகக் குறுகிய நேரத்துக்குள்! நல்ல ஓட்டக்காரருக்கு அது பத்தில் ஒரு விநாடிகூட இல்லை.

உலர்ந்த கடற்கரை மணலில் ஓடியிருக்கிறீர்கள் அல்லவா? தள்ளிய தள்ளில் ஒரு பங்கு மணலை விலக்குவதிலேயே போய்விடும். அதனால்தான் அங்கே கால் வலிக்கிறது, ஆள் நகர்வதில்லை. ஹாரியட் மலைக்கு, அதாவது 2021-ல் மணிப்பூர் மலை என்று பெயர் மாறிய நம் மலைக்கு, ஏறும் சாலை நேர்மாறான வாத்தியார். ஏற்றத்தில் தரையைத் தள்ளாமல் ஓர் எட்டுகூட வைக்க முடியாது. வண்டி வராத சரிவு ஒன்றில் பத்துப் பதினைந்து மீட்டர் ஏறி ஓடுங்கள். இறங்கும்போது நடந்தே வாருங்கள்.

தள்ளுவதில் நம் தீவுக்காரர் ஒருவரை உலகமே பார்த்தது. நிக்கோபாரைச் சேர்ந்த எசோ அல்பென், 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலகச் சைக்கிள் போட்டியில், கெய்ரின் என்ற அதிவேகப் பந்தயத்தில் வெள்ளி வென்றார். அப்போது அவருக்கு வயது 17. அவர் தள்ளியது பெடலை, நீங்கள் தள்ளுவது மண்ணை. வேலை செய்வது அதே தொடையும் பிட்டமும்தான்.

இப்போது அந்த வாடிய முகத்துக்கு வருவோம். பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், ஆண்பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்வார்கள். முதலில் பாதமும் காலும் நீளும். தசையின் பலம் பின்னால்தான் வந்து சேரும். நீண்ட காலைப் பழைய பலத்தால் தள்ளும் அந்த மாதங்களில் ஓட்டம் தடுமாறத்தான் செய்யும். வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்குவதும் இல்லை. ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பேரின் உடல்கள் வளர்ச்சியில் இரண்டு, மூன்று வருடம் முன்பின்னாக இருக்கலாம். பதின்மூன்றில் ஜெயித்தவரை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவர்களை உட்கார வைப்பது அநியாயம் என்று நான் சொல்வது அதனால்தான். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தால் மறைக்காதீர்கள். வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதாக இருக்கலாம். ஓய்வு கொடுங்கள், வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

முழு வேகத்தில் ஓட, தசை தனக்குள் வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பைச் செலவழிக்கிறது. பத்து விநாடிக்குள் அது பெரும்பாலும் காலி. மறுபடி நிரம்ப மூன்று நிமிடமாவது வேண்டும். அதனால் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிழலில் நில்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை லேசில் உலராது, உடம்பின் சூடும் இறங்காது. காலை நேரமே நல்லது.

மழை பெய்த மறுநாள், மண் வழுக்காமல் பாதி காய்ந்திருக்கும்போது, 50 மீட்டர் ஓடிவிட்டு அளவு நாடாவோடு திரும்பி வாருங்கள். முதல் தடங்கள் நெருக்கமாக, விரல் பக்கம் ஆழமாக இருக்கும். போகப்போக இடைவெளி அகலும். ஓரிடத்தில் அகலுவது நின்றுவிடும். உங்கள் உச்ச வேகம் அங்கேதான் எங்கோ இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள்.