விலாங்கு ஏறும் சுவர்

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா காலத்தில் காவிரியில் கைத்தடிமனுக்கு விலாங்கு பிடிபடுமாம். இப்போது ஏன் அபூர்வமாகிவிட்டது?"

சாயக்கழிவும் மணல் கொள்ளையும் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். தெரியாத ஒன்று உண்டு: அதன் பாதையை மறிக்கும் அணைகள். முட்டையிட ஆறேறும் உல்லம் மீனுக்கு விலாங்கு நேர்மாறு. ஆழ்கடலில் பிறந்து, நன்னீரில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே போய் அங்கேயே இறக்கும். அந்தக் கடைசிப் பயணத்தில் அது எதையும் தின்பதில்லை.

கொள்ளிடம் வழியே வரும் குஞ்சுக்கு அணைக்கரையில் ஒரு தடுப்பு. பிறகு முக்கொம்பு, மாயனூர், ஜேடர்பாளையம். அதற்கும் மேலே ஊராட்சிக்கோட்டை, கோனேரிப்பட்டி, நெரிஞ்சிப்பேட்டை, செக்கானூர் மின் கதவணைகள். முடிவில் 1934 முதல் நிற்கும் மேட்டூர் அணை.

விலாங்குக் குஞ்சால் துள்ளித் தாவ முடியாது; ஆனால் சுவர் ஏறும்! விரல் நீளக் குஞ்சு, ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் செங்குத்துச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு நெளிந்து நெளிந்து மேலே போகும். ஈரத்தோலே அதற்குப் பிடிமானம், மூச்சுவிடவும் அதுவே உதவும். வளர்ந்து எடை கூடினால் இந்த வித்தை போய்விடும்.

ஐரோப்பாவில் இதைக் கவனித்து, அணையோரம் சாய்வான தொட்டி அமைத்து, தூரிகை மயிர்களை நட்டு, மெல்லிதாக நீர் கசியவிடுகிறார்கள். குமாரபாளையத்தில் பாவுக்குக் கஞ்சி தேய்ப்பவர் கையில் சிறுவயதில் நான் பார்த்த தூரிகையை மல்லாத்தி வைத்தது போலிருக்கும். மயிர்களுக்கிடையே உடலை வளைத்துக் குஞ்சுகள் ஏறிவிடும். நியூசிலாந்தில் அணையடியில் குஞ்சுகளைப் பிடித்து, வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுகிறார்கள்.

வளர்ந்த விலாங்கு கடலுக்கு இறங்குவதுதான் கடினம். நீண்ட உடல் டர்பைன் இறக்கையில் அடிபடும். கம்பி வலைத் தடுப்பும், விலாங்கு இறங்கும் வெள்ள இரவுகளில் சில மணி நேரம் டர்பைனை நிறுத்துவதும் வேண்டும்.

நம் நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறோம். மீனவர் பிழைப்புக்கு அது தேவைதான். அதனால் ஆறு இணைந்துவிடாது. பண்ணையில் பொரித்து விடலாமென்றால் விலாங்குக்கு அந்த வழியும் இல்லை. கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே பாதை இருந்தால்தான் விலாங்கு உண்டு.

அணைகளை இடிக்கச் சொல்லவில்லை. நம் வயல்கள் அவற்றை நம்பியிருக்கின்றன. பராமரிப்புக்காக நீரை வடிக்கும்போது, கரையோரச் சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சொரசொரப்பான சரிவு அமைத்து நீர் கசியவிட்டால், குஞ்சுகள் ஏற வழி கிடைக்கும். வேலையைக் கடலுக்கு அருகிலுள்ள அணைக்கரையில் தொடங்கி, ஒவ்வொன்றாக மேட்டூர் நோக்கி வர வேண்டும். நீர்வளத் துறையும் மின்வாரியமும் மீன்வளத் துறையும் இதற்காக ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.