மாணாக்கர் பதிவேடும் மறைகாப்பும்

பாடசாலையிற் சேரும் பிள்ளையைப் பற்றி எழுதப்படுவன பல. வரவு இடாப்பும் பரீட்சைப் புள்ளிகளும் மாத்திரமல்ல; நோய், ஒழுக்கம், குடும்ப நிலை, உளச்சோதனை முடிபு, ஆசிரியரின் அபிப்பிராயம் என்பனவும் கோவையில் ஏறுகின்றன. புள்ளியைச் சரிபார்க்க விடைத்தாள் உண்டு. 'பிடிவாதக்காரன்', 'நம்பத்தகாதவன்' என்னும் ஒரு சொல்லைச் சரிபார்ப்பது எவ்வாறு? அஃது ஒருநாட் கோபத்தில் எழுதப்பட்டதாகவும் இருத்தல் கூடும். எழுதியவர் மறந்த பின்னரும் அது தாளில் நிலைத்துநின்று, பிள்ளை வளர்ந்து தொழில் தேடும் காலத்தில் அவன் அறியாமலே அவனுக்கு முன்னே சென்றுவிடும். இத்தகைய எழுத்தை யார் பார்க்கலாம், யார் பார்த்தலாகாது என்னும் வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா சட்ட வாயிலாக விடைகாண முயன்ற வரலாறு ஆராயத்தக்கது.

1957ஆம் ஆண்டில் உருசியர் செயற்கைத் துணைக்கோளை வானில் ஏவியபின், அமெரிக்க அரசாங்கம் கல்வியிற் பெருங்கவனஞ் செலுத்தலாயிற்று. 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்று திறமையுள்ள மாணாக்கரைக் கண்டறியும் சோதனைகளுக்கும் வழிகாட்டற் சேவைக்கும் பொருளுதவி அளித்தது. சோதனைகள் பெருகவே கோவைகளும் பருத்தன. ஆயின், அவற்றைக் காண விரும்பிய பெற்றோர் பல பாடசாலைகளில் மறுக்கப்பட்டனர். பாடசாலைக்குப் புறத்தேயுள்ள அதிகாரிகளோ அவற்றைக் காண முடிந்தது. றசல் சேஜ் நிறுவகம் 1969இல் அறிஞரைக் கூட்டி இந்நிலையை ஆராய்ந்து, மறு ஆண்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நியூயோர்க் மாநிலச் செனற்றரான ஜேம்ஸ் பக்லி என்பார் கொண்டுவந்த திருத்தமே பின்னர்ச் சட்டமாயிற்று. சனாதிபதி போர்ட் 1974 ஓகஸ்ட் 21ஆந் திகதி அதிற் கையொப்பமிட்டார். ஆட்சியாளரின் இரகசிய ஒலிப்பதிவுகளால் முன்னைய சனாதிபதி பதவி துறந்து இரு வாரங்கூட ஆகாத காலம் அது. குழுநிலை விசாரணை எதுவுமின்றிச் சபையிற் புகுத்தப்பட்டமையால் அதிற் குறைகள் இருந்தன; அவ்வாண்டு டிசெம்பரிலேயே திருத்தவேண்டியதாயிற்று. இரகசியமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் முன்னரே எழுதப்பட்ட சிபாரிசுக் கடிதங்கள் அப்போதுதான் பாதுகாப்புப் பெற்றன.

இச்சட்டத்தை இரகசியங் காக்குஞ் சட்டம் என்று மாத்திரங் கொள்வது பொருந்தாது. அதன் முதற்கூறு திறந்து காட்டுதலாகும். பெற்றோர் கேட்டால் 45 நாட்களுக்குள் பாடசாலை கோவையைக் காட்டல் வேண்டும். பிழையானதோ தவறான எண்ணந் தருவதோ அதிலிருப்பின் திருத்தும்படி கோரலாம். பாடசாலை மறுப்பின் விசாரணை கேட்கலாம். அங்குந் தோற்பின் தம் மறுப்புரையை அக்கோவையிலேயே சேர்ப்பிக்கலாம். குற்றஞ்சாட்டும் சொல் செல்லுமிடமெல்லாம் அதற்கான பதிலுஞ் செல்லும் என்பதே இவ்வேற்பாட்டின் நுட்பம். ஆசிரியர் நியாயமாக இட்ட புள்ளியை எதிர்த்து வாதிட இவ்வழி உதவாது. மாணாக்கன் 18 வயதை அடைந்ததும், அல்லது உயர்கல்வி நிலையத்திற் சேர்ந்ததும், இவ்வுரிமைகள் பெற்றோரிடமிருந்து அவனுக்கு மாறும்.

மறைத்தல் இரண்டாவது கூறு. எழுத்துமூலச் சம்மதமின்றிப் பதிவுகளைப் பிறருக்குக் கொடுத்தலாகாது. கற்பித்தற் கடமைக்காக அறியவேண்டிய ஆசிரியர், மாணாக்கன் மாறிச்செல்லும் பாடசாலை, நீதிமன்றக் கட்டளை ஆகியவற்றுக்கு விலக்குண்டு. பெயர், முகவரி போன்ற பொதுவிவரங்களை, வேண்டாமென மறுக்க வாய்ப்பளித்த பின் வெளியிடலாம். அறிவித்தற் பலகையிற் பெயரும் புள்ளியும் எழுதித் தொங்கவிடும் வழக்கத்துக்கு அங்கு இடமில்லை. ஆசிரியர் தம் நினைவுக்காக மாத்திரம் எழுதிப் பிறருக்குக் காட்டாத குறிப்பு இச்சட்டத்துள் அடங்காது.

'பதிவு' என்பது யாது என்னும் வினா 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒக்லகோமா மாநிலத்து ஒவாசோ நகரப் பாடசாலைகளில் மாணாக்கர் ஒருவர் தாளை ஒருவர் திருத்திப் புள்ளியை உரக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. தம் பிள்ளைகள் நாணமுறுகின்றனர் எனத் தாயொருவர் வழக்கிட்டார். ஆசிரியர் தம் ஏட்டிற் பதியுமுன் அப்புள்ளி பதிவாகாது என நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. சட்டத்தின் சொற்களுக்கு இத்தீர்ப்புப் பொருந்துவதே; பிள்ளையின் நாணம் பொய்யென்று அதனால் ஆகிவிடாது.

அவ்வாண்டின் மற்றொரு தீர்ப்பு இதனினும் கடுமையானது. வாஷிங்ரன் மாநிலத்துக் கொன்சாகாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விரும்பிய ஒருவரைப் பற்றிய ஒழுக்கக் குற்றச்சாட்டை, அவர் அறியாமலே, பல்கலைக்கழக அலுவலர் மாநில அதிகாரிக்குத் தெரிவித்தனர். ஆசிரியராவதற்கு வேண்டிய நன்னடத்தைச் சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் வழக்கிட்டார். இச்சட்டத்தின்கீழ்த் தனியொருவர் நட்டஈடு கோரி வழக்கிடும் உரிமை இல்லையென உயர் நீதிமன்றம் கூறிற்று. மத்திய அரசின் பொருளுதவியை நிறுத்துதலே சட்டம் வகுத்த தண்டனை. அத்தண்டனை நிறுவனம் முழுவதையும் தாக்கவல்லது. துன்புற்றவனுக்கோ ஒரு காசும் பெற்றுத்தராது.

மறைத்தல் மிகையானதாலும் கேடு நேர்ந்ததுண்டு. வேர்ஜீனியாத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரில் 16ஆந் திகதி மாணாக்கன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக்கொன்றான். அவனது உளநிலை பற்றி வெவ்வேறு அலுவலர் தனித்தனியே அறிந்திருந்தவை ஒன்றுசேரவில்லை. மறைகாப்புச் சட்டம் தடுக்கிறது என்ற தவறான எண்ணம் அதற்கொரு காரணமென விசாரணைக்குழு கண்டது. உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து நேருங்கால் அறிவிக்கலாம் என்னும் விலக்கு முன்னரே சட்டத்தில் இருந்தது. 2008ஆம் ஆண்டு விதிகள் அவ்விலக்கைப் பயன்படுத்துவோரின் மதிப்பீட்டுக்குக் கூடிய இடமளித்தன.

தாட்கோவை அலுமாரியில் இருந்த காலத்தில் எழுந்த இச்சட்டம் இப்பொழுது கணினிப் பதிவுகளையும் ஆளவேண்டியுள்ளது. பல மாநிலத்து மாணாக்கர் விவரங்களை ஒரேயிடத்திற் சேர்க்க, ஏறத்தாழ 10 கோடி டொலர் கொடையுடன் தொடங்கிய 'இன்புளூம்' என்னும் நிறுவனம், பெற்றோரின் எதிர்ப்பால் 2014இல் மூடப்பட்டது. அதனைத் தடுத்தது 1974ஆம் ஆண்டுச் சட்டமன்று. நியூயோர்க் மாநிலம் அத்தகைய சேமிப்புக்கு விவரம் வழங்குவதைத் தன் சொந்தச் சட்டத்தால் விலக்கிய பின்னரே அந்நிறுவனம் ஓய்ந்தது.